ஒரு ஊர், ஒரு புத்தகம்

கேள்வி: அமெரிக்கச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றே ஒன்று படிக்கலாம் என்றால் எது? பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஷெர்வுட் ஆண்டர்சனின் 'வைன்ஸ்பர்க், ஒஹையோ' (1919). பெரிய நகரமோ பெரிய மனிதரோ இல்லாத ஒரு சின்ன ஊர்தான் அந்தப் புத்தகம் முழுக்க. முதல் கதைகளில் ஒன்றைப் பாருங்கள். வீண்பழி சுமத்தப்பட்டு ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஒரு வாத்தியார், பெயரை மாற்றிக்கொண்டு வயலில் கூலிவேலை செய்கிறார். ஒரே நாளில் 140 குவார்ட் ஸ்ட்ராபெரி பறித்த அவருடைய கைகளை ஊரே மெச்சுகிறது; அவரோ அவற்றை ஒளித்துவைக்கத்தான் பார்க்கிறார். கையின் வேகத்தை வைத்தே ஆளை எடைபோட்ட தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவருக்கு இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை.

'நம் மலேசியக் கதைகள் இருக்க அமெரிக்கா எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சை. பீர்முகம்மது தொகுத்த 'வேரும் வாழ்வும்' கட்டாயம் படிக்க வேண்டியது. ஆனால் அது பல எழுத்தாளர்களின் குரல். ஒரே ஊரைக் கதை கதையாகக் கட்டியெழுப்பும் வித்தையை ஆண்டர்சனிடம் கற்கலாம், எட்வர்ட் பி. ஜோன்ஸ் வாஷிங்டனின் கறுப்பின மக்களைப் பற்றி எழுதிய 14 கதைகளிலும் (1992) கற்கலாம். வரலாற்று நூல்களில் சுங்கை சிப்புட் என்றால் 1948 ஜூன் 16 அன்று மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதும், அதையடுத்து வந்த அவசரகாலமும்தான். அன்றிரவு லயத்தில் அடுப்பு எரிந்ததா என்பதைக் கதைதான் சொல்ல முடியும். படியுங்கள், படித்து முடித்ததும் உங்கள் ஊரை எழுதுங்கள்.