முதல்ல ஒரு கழுதையை நடக்க வை

வா மகன், இப்பிடி நிழலுக்கு வா. காட்டூன் படம் எடுக்கப் போறியாமே, உம்மா சொன்னா. சந்தோசம். உப்புக்குளத்தில கடலுக்குப் போறவன் இருக்கான், கடை போட்டவன் இருக்கான், சவூதிக்குப் போனவன் இருக்கான். அறைக்குள்ள குந்தியிருந்து கழுதைக்குக் கால் கீறுறவன்தான் இல்லாமக் கிடந்தது.

என்ன, கழுதை இல்லையா? பெரிய கதையோ?

1990 ஒக்டோபரில எங்களை மன்னார்த் தீவை விட்டு அனுப்பினது, வள்ளத்தில கற்பிட்டிக்குப் போனது, புத்தளத்துக் கொட்டில் வாழ்க்கை, எல்லாம் இருபது நிமிசத்தில. நல்ல கதை. நான் அதுக்குள்ள கிடந்தவன். கரையில எத்தனை சனம் நிண்டதெண்டு யோசிச்சியா? அத்தனை பேரையும் நீதான் நடக்க வைக்கோணும். செக்கனுக்கு 24 பிரேம் எண்டு நீயே சொன்னாய். ஒரு படத்தை ரெண்டு தரம் காட்டி ஏமாத்தினாலும் 12 கீறோணும். இருபது நிமிசமெண்டா 14,400. நாளுக்குப் பத்துக் கீறினாலும் நாலு வருசம். அதுவரைக்கும் உம்மா சோறு போடுவா, அதில சந்தேகமில்லை. பொண்ணு குடுக்க வாறவனுக்கு என்ன சொல்லுறது?

போனில ஒரு லத்வியாக்காரனைக் காட்டினியே, கின்ட்ஸ் சில்பலோடிஸ். 2025இல ஒஸ்கார் வாங்கின 'ஃப்ளோ', சும்மா கிடைக்கிற பிளெண்டர் சொப்ட்வெயாரில செய்ததாம். அந்த பிளெண்டர் உன்ட லெப்டொப்பிலயும் கிடக்கு, அப்ப பாதி ஒஸ்கார் உனக்குத்தான். ஆனா 2012இல, இளந்தாரியா இருக்கேக்க, அவன் எடுத்த 'அக்வா'வை ஏன் எனக்குக் காட்டேல்ல? கடலுக்குப் பயந்த ஒரு பூனை. அவ்வளவுதான் கதை. பிறகு 2019இல 'அவே' எண்டு முழுநீளப் படமே தனிய இருந்து முடிச்சான். 'ஃப்ளோ'வில வந்ததும் பூனையும் தண்ணியும்தான், ஒரு வசனம் கிடையாது. நீ முதல் படத்திலயே ஊரையே வள்ளத்தில ஏத்தப் பாக்கிறாய்.

அவனுக்குப் பூனை. மன்னாருக்குக் கழுதை. கூலி கேக்காது. நில் எண்டாலும் நிக்கும், நிக்காதே எண்டாலும் நிக்கும். நடக்கேக்க எந்தக் காலுக்குப் பிறகு எந்தக் கால் வைக்குது, சொல்லு பாப்பம்? முழிக்கிறாய். இத்தனை வருசம் அதைச் சுத்தித்தானே பள்ளிக்கூடம் போனாய்! பின்னங்கால், பிறகு அதே பக்கத்து முன்னங்கால், பிறகு மற்றப் பக்கம். அந்த ஒரு நடையைப் பன்னிரண்டு படத்தில சரியாக் கீறு. அதையே திருப்பித் திருப்பி ஓட்டு. பின்னால பள்ளிமுனைப் பெருக்கமரத்தை மெல்ல நகத்து, கழுதை ஊர் சுத்தும். அரை நிமிசம் போதும். முடிச்சுக் காட்டு.

புது மெசின் வேணுமெண்டு வாப்பாவிட்ட கேட்டியாம். நீந்தத் தெரியாதவன் நாப்பது குதிரை எஞ்சின் கேட்ட மாதிரி. உள்ளதில கீறு, அது சூடேறி நிண்டாப் பாப்பம்.

எங்கட கதை எங்கயும் ஓடாது. நான் மவுத்தாப் போனாலும் சொல்ல ஆளிருக்கு, எல்லாரும் உன்னைவிட நல்லாவே சொல்லுவாங்க.

சத்தத்துக்கு யோசிக்காதே. என்ட மச்சான் சங்கக் கூட்டத்தில வாய் திறந்தா எருக்கலம்பிட்டி வரைக்கும் கேக்கும். போனைப் பிடிச்சுப் பதிவு செய், காசும் வாங்கமாட்டார். கழுதைக்கெண்டு மட்டும் சொல்லிப்போடாதே. குதிரைக்கெண்டு சொல்லு.