நெய்தலில் மருதம்: இரட்டைக் கயாக்கின் பின்னிருக்கை குறித்த ஓர் ஆய்வு

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்பது மரபு. அதனால் நுதலிய பொருளை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிட்னித் துறைமுகத்தில், பொழுது விடியும் முன்னே எழுந்து போய், காசையும் கொடுத்து, படகையும் தாங்களே வலித்துக்கொண்டு, வழிகாட்டி கைகாட்டும் திசையில் சூரியனைப் பார்த்துவிட்டு வரும் தம்பதியர் எந்தத் திணைக்கு உரியவர்கள் என்பதே இங்கே ஆராயப்படுவது. எல்லை: வடக்கே லாவெண்டர் பே, தெற்கே பாரங்காரூ, கிழக்கே ஹார்பர் பாலம், மேற்கே புளூஸ் பாயிண்ட். கேட்போர்: இரட்டைக் கயாக்கில் பின்னிருக்கை வாய்த்தவர்கள். பயன்: யாராவது நிதி ஒதுக்கினால் தெரியவரும்.

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதற்குரிய சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். விடியற்பொழுதோ மருதத்தின் சொத்து. அங்கே உரிப்பொருள் ஊடல். பள்ளிக்கூடத்தில் இந்த அட்டவணையை உருப்போட்ட எவருக்கும் இங்கே ஒன்று நெருடும். விடியலில் கடலுக்குப் போகிறவன் நிலத்தை ஒரு திணையிலிருந்தும் பொழுதை இன்னொரு திணையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறான். இது வழுவா? அன்று. நிலம்தான் ஒன்றோடொன்று மயங்கக் கூடாது, பொழுது மயங்கலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே முன்னிருக்கையில் ஊடலும் பின்னிருக்கையில் இரங்கலும் ஒரே படகில், ஒரே நேரத்தில் நிகழ்வதற்கு இலக்கணத் தடை ஏதும் இல்லை என்க.

‘அது கடலே அன்று, ஆறு’ என்பாரும் உளர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிட்னித் துறைமுகம் என்பது பரமட்டா ஆறு குடைந்த பள்ளத்தாக்கு. கடைசிப் பனியூழி முடிந்து பனிப்பாளங்கள் உருக, கடல் ஏறிவந்து அதை மூழ்கடித்தது. ஏறத்தாழ 6,000, 7,000 ஆண்டுகளுக்கு முன் நீர்மட்டம் இன்றைய நிலைக்கு வந்து நின்றது. குன்றுகளின் தலைகள் இன்று முனைகளாகவும் தீவுகளாகவும் மிதப்பது அதனால்தான். எனினும் ஆறு என்ற கட்சி நிற்காது. என்னை? துடுப்பிலிருந்து வழிந்து உதட்டில் பட்ட நீர் உப்புக் கரித்தது. நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி இறங்குகிறது. நெய்தலே.

இனி இத்தொழிலின் முன்னோர். புளூஸ் பாயிண்ட் என்ற முனைக்குப் பெயர் தந்தவர் பில்லி புளூ. அமெரிக்காவில் பிறந்ததாகக் கருதப்படும் கறுப்பினத்தவர். சர்க்கரை திருடினார் என்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தண்டிக்கப்பட்டு, கைதியாக 1801-இல் சிட்னியில் வந்து இறங்கியவர். பின்னாளில் ஆளுநர் மக்வாரிக்கு வேண்டியவராகி, 1817-இல் வடகரையில் 80 ஏக்கர் நிலமும் பெற்றார். துறைமுகத்தின் இக்கரைக்கும் அக்கரைக்கும் படகு விட்டதுதான் அவர் பிழைப்பு. வயதான காலத்தில் பயணிகளைப் பேச்சிலேயே மயக்கி, துடுப்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, தாம் சும்மா உட்கார்ந்து வருவாராம். கரை சேர்ந்ததும் கட்டணம் மட்டும் தவறாமல் வாங்கிக்கொள்வாராம். வலிப்பவனே காசும் கொடுப்பது என்ற இந்த வணிக நெறிக்கு முதல்நூல் ஆசிரியர் அவரே என்று இக்கட்டுரையாளர் துணிகிறார். இன்றைய வழிகாட்டிகள் வழிநூலார். உயிர்காப்புச் சட்டையும் ஈரம் புகாத பையும் மட்டுமே அவர்கள் புதிதாகச் சேர்த்தவை.

முதல்நூலுக்கும் முந்திய ஒரு மரபு உண்டு. 1788-இல் இங்கிலாந்திலிருந்து முதல் கப்பல்கள் வந்தபோது இந்தத் துறைமுகத்தில் விடியலிலும் இரவிலும் படகில் இருந்தவர்கள் ஈயோரா இனப் பெண்கள். ‘நவி’ எனப்படும் அவர்கள் படகு ஒரே மரப்பட்டைத் துண்டு. இரு நுனிகளையும் சேர்த்துக் கட்டியது. சிப்பியைப் பிறை போலத் தேய்த்துச் செய்த தூண்டில்முள், நாரில் முறுக்கிய கயிறு, மடியில் குழந்தை. படகின் நடுவில் களிமண் பரப்பி, அதன் மேல் எரியும் நெருப்பு. பிடித்த மீனை அங்கேயே சுட்டுத் தின்றார்கள். வந்து சேர்ந்த அதிகாரிகள் வாயைப் பிளந்து இதை எழுதிவைத்திருக்கிறார்கள். அப்பெண்களில் ஒருத்தியான பாரங்காரூவின் பெயர்தான் இப்போது எதிர்க்கரையில் கண்ணாடிக் கோபுரங்களுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. சில சுற்றுலாக்களில் நடுநீரில் படகை நிறுத்திச் சூடான காபி தருகிறார்கள். வாடிக்கையாளர்கள் அதிசயித்துப் படம் எடுக்கிறார்கள். பட்டைப் படகில் அடுப்பு எரித்தவர்கள் வாழ்ந்த நீரில் மூடி போட்ட கோப்பைக்கு இவ்வளவு ஆரவாரம் தேவையா என்பது தனி ஆய்வுக்குரியது.

பொழுது பற்றி. சிட்னியில் டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் 5.40-க்கு முன்பே எழுந்துவிடும். ஜூன் கடைசியில் ஏழு மணி வரை சோம்பும். ஆனால் கடிகாரப்படி மிகவும் பிந்திய உதயம் குளிர்காலத்தில் வருவதில்லை. கோடைக்கால நேரத்தை ஏப்ரல் முதல் ஞாயிறன்று திருப்பி வைக்கிறார்களே, அதற்கு முந்திய நாட்களில் வருகிறது: ஏழைத் தாண்டி. தூக்கத்தை விட மனமில்லாத ஆய்வாளர்கள் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். களப்பணிக்கு அதையே தேர்ந்தோம்.

இங்கே நுகர்வோர் நலன் கருதி ஒன்று சொல்லவேண்டும். உதயம் என்று பஞ்சாங்கம் குறிக்கும் கணத்தில் சூரியன் உண்மையில் அடிவானத்துக்குக் கீழேதான் கிடக்கிறது. காற்று மண்டலம் ஒளியை வளைத்து, ஏறத்தாழ அரைப் பாகை தூக்கிக் காட்டுகிறது. சூரிய வட்டத்தின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆக, கொடுத்த காசுக்குக் காட்டப்படுவது இன்னும் வந்து சேராத சூரியன். அதுவும் நேராகத் தெரிவதில்லை. துறைமுகத்தின் உட்பகுதியில் கடல் தொடுவானமே கிடையாது. கிரிபில்லிக் குன்றும் அதன் அடுக்குமாடிகளும் மறைத்துக்கொள்ள, வானம் வெளுத்து, சிவந்து, ஆரவாரம் எல்லாம் அடங்கிய பிறகு, யாரோ ஒருவர் வீட்டுப் பால்கனிக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப்பார்க்கிறது. ஓப்பரா ஹவுஸ் பொன்னாக மின்னும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க. பாலத்துக்கு மேற்கே இருந்து பார்ப்பவருக்கு அந்தக் கூரை காலையில் பெரும்பாலும் நிழல்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன் ஓடுகளும் ஒளிர்வதைக் காண வேண்டுமானால் கிழக்கே போய்ச் சூரியனுக்கு முதுகு காட்ட வேண்டும். இரண்டும் ஒருங்கே கிட்டாது.

இப்போது ஆய்வின் நடுப்பொருளுக்கு வருவோம். கயாக் இரு வகை: சிங்கிள், டபுள். டபுளுக்கு இத்தொழிலில் உள்ளவர்கள் உலகெங்கும் வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘விவாகரத்துப் படகு’. மருதத் திணை பற்றி ஒரு நூற்பாவும் படிக்காதவர்கள் ஊடலைத் தாங்களாகவே கண்டு பெயரிட்டிருப்பது நம் இலக்கணத்தின் உலகப் பொதுமைக்குச் சான்று.

இருக்கை ஒதுக்கீடு எளிது. எடை கூடியவர் பின்னால். வழிகாட்டிக்குத் தராசு தேவைப்படவில்லை, எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார், இக்கட்டுரையாளரிடம், “நீங்கள் பின்னால், மேட். நீங்கள்தான் எஞ்சின்” என்றார். தலைவி முன்னால். முன்னிருப்பவர் தம் விருப்பப்படி துடுப்புப் போடலாம்; பின்னிருப்பவர் அந்தத் தாளத்துக்கு ஒத்துப் போடவேண்டும். ஒத்துவராவிட்டால் பின்துடுப்பின் அலகு முன்துடுப்பில் ‘டக்’ என்று மோதும். மோதலுக்குக் காரணம் எப்போதும் பின்னிருப்பவரே. ஏனெனில் முன்னிருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. தெரியாததற்குப் பொறுப்பேற்க முடியாது அல்லவா? சுக்கானும் பின்னிருப்பவரின் காலில்தான். இடதுகாலை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும் என்கிறார்கள். திரும்பும்; ஆனால் அழுத்திய உடனே திரும்பாது. ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான படகு யோசித்துத்தான் திரும்பும். அந்த இடைவெளியில் நிகழ்ந்த உரையாடலைச் சான்றாகத் தருகிறோம்.

தலைவி கூற்று: “என்னங்க, அவர் இடதுபக்கம் போகச் சொல்றார்.”

தலைவன் கூற்று: “இடதுதான் அழுத்தியிருக்கேன்.”

தலைவி கூற்று: “உங்க இடதா, என் இடதா?”

இருவரும் ஒரே திசை நோக்கி, ஒருவர் பின் ஒருவராக அமர்ந்திருக்கிறோம் என்பதை வாசகர் நினைவிற்கொள்க. இக்கேள்விக்கு விடை இல்லை என்பதால் இது வினா அன்று, ஊடலின் தொடக்கம். மருதத்தில் ஊடல் தீர்க்க வாயில்கள் வருவதுண்டு: தோழி, பாணன், பாங்கன். அந்த வேலையை இங்கே வழிகாட்டி செய்கிறார். தன் சிங்கிளில் வழுக்கிக்கொண்டு வந்து, யார் பக்கமும் சாயாமல், “நன்றாகப் போகிறீர்கள்” என்று பொய் சொன்னார். தேர்ந்த வாயில்.

பின்னிருக்கையிலிருந்து தெரியும் காட்சியை முறையாகப் பதிவு செய்கிறோம். ஓர் ஆரஞ்சு உயிர்காப்புச் சட்டையின் முதுகு. அதில் மார்க்கரால் எழுதி, உப்புநீரில் வெளுத்துப்போன ‘எம்’ என்ற எழுத்து. சட்டையில் ஒட்டிக்கொண்ட ஈரப் பின்னலின் நுனி. துடுப்பு உயரும்போதெல்லாம் அதன் தண்டு வழியே இறங்கி, தடுக்கவென்று போட்ட ரப்பர் வளையத்தை மதிக்காமல், முழங்கை வரை ஓடிச் சட்டைக் கைக்குள் புகும் குளிர்ந்த நீர். சூரியன் அந்த ‘எம்’முக்கு அப்பால் எங்கோ இருந்தது. இரங்கல் என்ற உரிப்பொருளுக்கு இதைவிடத் துல்லியமான நிலைக்களன் சங்கப் புலவர்க்கும் வாய்த்திருக்காது.

தலைவி வலித்தாளா என்ற ஐயத்துக்கு விடையளிக்கப் பாலத்தைத் துணைக்கு அழைக்கிறோம். 1932 மார்ச்சில் திறக்கப்பட்ட ஹார்பர் பாலத்தின் எஃகு வளைவு 503 மீட்டர் நீளம். இரு முனைகளிலும் இரண்டிரண்டாகக் கருங்கல் முகப்புப் போட்ட நான்கு கோபுரங்கள், ஒவ்வொன்றும் 89 மீட்டர் உயரம். அவைதாம் பாலத்தைத் தாங்குகின்றன என்றே எவரும் நினைப்பர். தாங்கவில்லை. வளைவின் பாரம் முழுவதும் கீழே உள்ள மூட்டுகளில் இறங்குகிறது; கோபுரங்கள் பார்வைக்கு. மக்களுக்குப் பயம் வராமல் இருக்க, உழைப்பது போன்ற தோற்றத்தோடு அவை நிற்கின்றன. இதற்கு மேல் இப்பத்தியில் எதுவும் எழுதுவதற்கில்லை. கட்டுரையை முதலில் படிக்கப்போவது தலைவி.

பாலத்தின் அடியில் படகுகள் நிற்கவோ சும்மா மிதக்கவோ கூடாது என்பது துறைமுக விதி. ஊடல் ஏற்பட்டால் முதலில் நின்றுபோவது துடுப்பு என்பதால், இவ்விதி நடைமுறையில் ஊடலையே தடை செய்கிறது. காரணமும் இருக்கிறது: ஃபெர்ரிகள். மான்லிக்குப் போகும் பெரியவை 70 மீட்டர் நீளமானவை; ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றுபவை. அவற்றுக்கு நாம்தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினாலும் விடாது, கடந்துபோன பின் அதன் அலை வந்து சேரும். கற்சுவரில் மோதித் திரும்பி மறுபடியும் வரும். அப்போது தம்பதியர் வாய்மூடி, ஒரே தாளத்தில் துடுப்புப் போட்டதைக் கண்டோம். புணர்ச்சிக்கும் குறிஞ்சிக்கும் இங்கே இடமில்லை என்பதால் இதை அச்சம் என்ற மெய்ப்பாட்டில் அடக்குக.

மீன் பற்றிய ஒரு குறுவிளக்கம். நொச்சிக்குப்பத்து மீனவரிடம் ‘விடியலில் கடலுக்குப் போய் வந்தேன்’ என்றால் அடுத்த கேள்வி என்ன வருமென்று சொல்லத் தேவையில்லை. அவருக்கான பதில்: பழைய தொழிற்சாலைகள் ஹோம்புஷ் பக்கம் விட்டுப்போன டையாக்ஸின் நஞ்சினால், 2006 முதல் இத்துறைமுகத்தில் வணிக மீன்பிடிப்பு இல்லை. பொழுதுபோக்காகப் பிடிக்கிறவர்களும் பாலத்துக்கு மேற்கே பிடித்ததைத் தின்ன வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. கிழக்கே பிடித்ததை அளவோடு தின்னலாம். மீன்கள் பாலத்தைக் கடக்கும்போது தம் தகுதி மாறுவதை அறியுமா என்று கேட்டோம். வழிகாட்டி சிரித்தார். நாங்கள் இருந்தது மேற்கே.

கடைசியாக ஆவணச் சான்று. சுற்று முடியும் தறுவாயில் எல்லாப் படகுகளையும் பக்கம் பக்கமாக ஒட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். ‘ராஃப்ட் அப்’ என்பது தொழில்மொழி. வழிகாட்டி எதிரே வந்து, நீர்மட்டத்திலிருந்து படம் எடுப்பார். அன்றிரவே படங்கள் வந்தன. தாழ்ந்த கோணத்தில், நேர் எதிரே இருந்து எடுத்தால் முன்னிருப்பவர் பின்னிருப்பவரை முழுக்க மறைத்துவிடுவார் என்பது ஒளியியல். எல்லாப் படங்களிலும் தலைவி. பின்னே பாலம், அதற்கும் பின்னே வெளிச்சம். இக்கட்டுரையாளர் இருந்ததற்கான தடயம், தலைவியின் தோளுக்கு இருபுறமும் முளைத்திருக்கும் ஒரு துடுப்பின் இரண்டு நுனிகள். தலைவி படங்களைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டாள். கோவையிலிருந்து பெரியம்மாவின் குரல்பதிவு முதலில் வந்தது.

“ஏங் கண்ணு, நீ மட்டுமா போனே? மாப்பிள்ளை வரலியா?”

“வந்திருக்கார் பெரியம்மா. பின்னால உட்கார்ந்திருக்கார்.”

“எங்க கண்ணு, ஒருத்தரையுங் காணமே. அவரு சும்மா உட்கார்ந்துக்கிட்டு, நீயே அவ்வளவு தூரம் தள்ளிக்கிட்டுப் போனியா?”

இதற்குத் தலைவி மறுமொழி எதுவும் எழுதாமல் ஒரு கும்பிடு பொம்மையை மட்டும் அனுப்பினாள். இதை உடன்பாட்டின்பாற் படுத்துவதா, ஊடலின்பாற் படுத்துவதா என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. இக்கட்டுரையாளரின் கருத்து கேட்கப்படவில்லை.