நூதனானந்தர்

எந்த யந்திரமும் வீட்டுக்குள் வந்த மாத்திரத்தில் உபயோகமாகிவிட்டால் அதை அற்பமென்று தள்ளி, கண்காணாத இடத்துச் சர்வர் ஒன்று உத்தரவு கொடுத்த பிறகே தம் கூடத்து விளக்கு எரிய வேண்டும் என்பதைப் பரம நாகரிகமாகக் கருதும் புண்ணியாத்மாக்கள் அமெரிக்காவில் அநேகர். அவர்களுள் கலிபோர்னியாவாசியான நம் நூதனானந்தர் (நாமகரணம் என்னுடையது) முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்.

அவர் வீட்டில் முதல் மரணம் 2016 மே 15-இல் சம்பவித்தது. விளக்கு, பூட்டு முதலியவற்றைக் கைப்பேசிக்குள் அடக்கிய ரிவால்வ் என்னும் பெட்டியை, ஆயுட்காலச் சேவை உண்டென்ற வாக்குறுதியோடு சுமார் 300 டாலருக்கு அவர் வாங்கியிருந்தார். அதைச் செய்த கம்பெனியை 2014-இல் கூகுள் குடும்பத்து நெஸ்ட் கிரயம் செய்துகொண்டு, பிறகு சேவையை நிறுத்திவிட்டது. பெட்டியில் ஒரு திருகாணிக்கும் சேதமில்லை; பிராணன்தான் இல்லை. ஆயுள் என்றது எவருடைய ஆயுள் என்று வாங்கும்போது அவர் விசாரிக்கவில்லை.

அடுத்து 899 டாலர் ஜிபோ வந்தது. தலையைத் திருப்பிப் பேசி, நடனமும் ஆடிய அந்தச் சிறு ரோபோ, தன்னை இயக்கும் சர்வர்கள் நிற்கப்போகின்றன என்பதை 2019-இல் தானே வீட்டாருக்கு அறிவித்து, இத்தனை நாள் ஆதரித்ததற்கு நன்றியும் கூறிற்று. தன் மரணச் செய்தியைத் தானே வாசிக்கும் பக்குவம் மனிதரில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நூதனானந்தர் கண் கலங்கினார். காரியம் கழியுமுன்பே வேறொன்றுக்கு ஆர்டர் கொடுத்தார்.

2021 டிசம்பர் 7-இல் வர்ஜீனியாவில் அமேசானின் சர்வர்கள் பல மணி நேரம் முடங்கியபோது, ரூம்பா என்னும் பெருக்கும் யந்திரம் கைப்பேசியின் கட்டளைக்குச் செவிசாய்க்கவில்லை. ரிங் அழைப்புமணியும் மௌன விரதம் பூண்டது. ஊரிலிருந்து வந்திருந்த தாயார், “ஏண்டா, நம்ம வீட்டைப் பெருக்க வர்ஜீனியாக்காரன் உத்தரவு தரணுமா?” என்று கேட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்.

“உனக்கு இதெல்லாம் புரியாதும்மா” என்றார் புத்திரர்.

நடுவில் மாண்டவற்றின் ஜாபிதா நமக்கு எதற்கு? சட்டையில் குத்திக்கொண்டு உலாவிய 699 டாலர் ஹியூமேன் ஏஐ பின் என்னும் யந்திரமும் 2025 பிப்ரவரி 28-இல் அடங்கிற்று. முழு விலையையும் கொடுத்துவிட்டுக் குடித்தனக்காரராக இருப்பதில் ஒருவருக்கு இவ்வளவு ஆனந்தம் இருக்கக்கூடும் என்பதை அவரைக் கண்டிராவிட்டால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அவரைக் காணச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மணியை அழுத்திவிட்டு வாசலில் காத்து நிற்காதீர்கள், கதவைப் பலமாகத் தட்டுங்கள்.