போரடித்தலும் போரடித்தல் நிமித்தமும்: அரையாண்டு விடுமுறைத் திணை குறித்து ஓர் ஆய்வு

தொல்காப்பியர் திணைகளுக்குப் பெரும்பொழுதுகளை வகுத்தார்; அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனி என்பது உரை மரபு. அந்த முன்பனியின் நடுவே, டிசம்பர் 24-ஐ ஒட்டித் தொடங்கிப் புத்தாண்டு கழிந்த சில நாளில் முடியும் அரையாண்டு விடுமுறையைப் பற்றி அவர் ஒரு நூற்பாவும் செய்யவில்லை. அவர் காலத்தில் அரையாண்டுத் தேர்வு இல்லாமை காரணமாகலாம். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் உரையிலாவது தொட்டுக்காட்டியிருக்கலாம், அவர்களும் கைவிட்டுவிட்டார்கள். அந்தக் குறையை நிரப்பவே இக்கட்டுரை.

திணை என்றால் முதல், கரு, உரி என மூன்றும் வேண்டும். இத்திணைக்கு நிலம், வீட்டுக் கூடமும் கூடம் சார்ந்த மொட்டை மாடியும். சிறுபொழுது, காலை பதினொரு மணி. பலகாரம் தின்று முடிந்து, சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருக்கிற அந்த வேளையில்தான் வீடுகளில் விபத்துகள் நிகழ்கின்றன. கருப்பொருளுள் உணவு வெண்பொங்கல், பறை குக்கர் விசில், விலங்கு கொசு, உடை மங்கி குல்லா. உரிப்பொருள், தலைப்பில் கண்டபடி, போரடித்தலும் போரடித்தல் நிமித்தமும்.

மாந்தர் யாவர் எனின், தலைவன் அப்பா, தலைவி அம்மா. செவிலித்தாய் இடத்தில் பாட்டி. பாங்கன் இடத்தில் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமா. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது மரபாகையால் இங்கும் யாருக்கும் பெயரில்லை. வாசகர்கள் தங்கள் வீட்டாரை அடையாளம் கண்டால் அதற்கு ஆய்வாளர் பொறுப்பல்லர்.

இனி, இதைப் பனிக்கால விடுமுறை என்று சொல்லலாமா என ஒரு தடை எழுப்புவாரும் உளர். டிசம்பரில் சென்னையின் குறைந்த வெப்பநிலை 21, 22 டிகிரியை ஒட்டி இருக்கும். உதகையில் சில விடியல்களில் புல்வெளி மீது உறைபனி படர்வது உண்மை. மற்றபடி, கதைப்புத்தகப் படங்களில் வரும் பனிமனிதனைச் செய்யத் தேவையான மூலப்பொருள் தமிழ்நாட்டில் ஃப்ரீசரில் மட்டுமே கிடைக்கிறது. ஆனால் தடை செல்லாது. பனி வெப்பமானியில் இறங்குவதில்லை, தலையில் இறங்குகிறது என்பது செவிலித்தாயின் கோட்பாடு. "தலையிலே பனி எறங்கும், குல்லாயப் போடுடா கண்ணா" என்று அவர் சொன்ன பிறகு வானிலை ஆய்வு மையத்துக்கு அங்கே வேலையில்லை.

இக்கட்டுரை நிறுவ விரும்புவது ஒன்றே: குழந்தைகளுக்கான விடுமுறைச் செயல்பாடு என்பது, குழந்தையின் பெயரால் பெரியவர்கள் ஆடும் ஆட்டம். குழந்தைக்கு அதில் கிடைக்கும் பதவி பார்வையாளர், எடுபிடி, சாட்சி ஆகிய மூன்றுள் ஒன்று. சான்றுகளைக் காண்போம்.

முதலில் துயிலெழுதல். பள்ளி நாளில் ஏழு மணிக்குத் தண்ணீர் தெளித்தும் எழாத குழந்தை, விடுமுறையில் ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்து "கோயிலுக்குப் போலாமா?" என்கிறது. இதைப் பக்தி என்று பாட்டி உறவினர்களிடம் சொல்லிக்கொள்கிறார். தொன்னையில் விழும் சூடான வெண்பொங்கலே காரணம் என்பது, இரண்டாம் முறை வரிசையில் நிற்கும்போது தெரிந்துவிடும். அந்த இரண்டாம் தொன்னை அப்பாவுக்கு. அவர் கூச்சப்பட்டுக் குழந்தையை அனுப்பியிருக்கிறார். இதுவே நம் முதல் சான்று.

கோயிலிலிருந்து திரும்பினால் வாசலில் கோலம். மார்கழிக் கோலத்தில் தலைவி சாமானியமாக இறங்குவதில்லை. 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை என்று தொடங்குகிறார். நடு வரிசையில் 15, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 வரை. மொத்தம் 169 புள்ளி. குழந்தைக்குச் செயல்பாடு வேண்டும் என்றுதான் ஆரம்பித்தது. ஆனால் மூன்றாவது வரிசையில் புள்ளி கோணியதும் "நீ தள்ளு, நான் வெக்கிறேன்" என்ற ஆணை பிறக்கிறது. அதன் பின் குழந்தையின் பணி, கோலமாவுக் கிண்ணத்தை ஏந்தி நிற்பது. இரு சக்கர வாகனம் வந்தால் கத்துவது. கடைசியில் வண்ணம் தூவ அனுமதி உண்டு, அதுவும் ஓரத்து இலைகளுக்கு மட்டும்.

கோலம் ஆய்வுக்கு உரிய பொருளா என்று நகைப்போருக்கு ஒரு செய்தி. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, புள்ளிக் கோலங்களைக் கணினியியலின் இலக்கண விதிகளால் விவரிக்க முடியும் என்று 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். உலகம் அதை மதித்தது. அந்த இலக்கணத்தில் "நீ தள்ளு, நான் வெக்கிறேன்" என்னும் விதி இடம்பெறவில்லை என்பது மட்டுமே நமக்குள்ள மனக்குறை.

பகல் ஏறிய பின் உள்ளிருப்பு ஆட்டங்கள். பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், கேரம் எனப் பல உண்டு. மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்ட ஆட்டத்தில் மாமா எப்போதும் புலி என்பதோடு அதை முடித்துக்கொண்டு, நேரே தாயத்துக்கு வருவோம். இத்திணையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

தாயக்கட்டை ஒன்றுக்கு நான்கு பக்கம்: ஒரு புள்ளி, இரு புள்ளி, மூன்று புள்ளி, வெறும் பக்கம். இரண்டு கட்டை உருட்டினால் விழுவதற்கு 16 வழி. தாயம் விழ, ஒரு கட்டையில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும் வர வேண்டும். அதற்கு இரண்டே வழி. ஆக எட்டில் ஒரு வாய்ப்பு. தாயம் போட்டால்தான் காய் உள்ளே இறங்கும் என்பதால், சராசரியாக எட்டு உருட்டல் வரை ஒருவர் வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டும். பதினாறு முறை உருட்டியும் தாயம் விழாமல் போவது நூற்றுக்குப் பன்னிரண்டு தடவை நடக்கக்கூடியது. கணக்கு இப்படித் தெளிவாக இருக்க, தலைவனோ தமக்கு மட்டும் தாயம் விழாததற்குக் காரணம் கட்டை என்கிறார், தரை என்கிறார், எதிரே உட்கார்ந்திருக்கும் மச்சானின் பார்வை என்கிறார். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்ற விதியையும் இங்கே கவனிக்க வேண்டும். ஒன்றுமில்லாததற்கு உச்ச மதிப்பு கொடுத்த முன்னோர், அரசியலையும் நன்றாக அறிந்திருந்தார்கள் போலும்.

தாயத்தில் கள்ளாட்டம் மூவகைப்படும். கட்டை பாயின் ஓரத்தில் சாய்ந்து நின்றால் "செல்லாது, மறுபடி போடு" என்பது ஒன்று. தமக்குச் சாதகமாகச் சாய்ந்திருந்தால் "அது ஆறுதான், எங்க ஊர்ல அப்படித்தான்" என்பது இரண்டு. எண்ணும்போது தாம் நிற்கும் கட்டத்தையும் சேர்த்தோ சேர்க்காமலோ எண்ணிக்கொள்வது மூன்று. மூன்றையும் செய்பவர்கள் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களே. குழந்தைகள் விதிகளைக் கடுமையாகப் பின்பற்றுகிறார்கள். அவர்களுக்கு வேறு ஊர் விதி தெரியாது.

செவிலித்தாயின் ஆட்டம் தனி ஆய்வுக்கு உரியது. காலையில் குல்லாய் போட்டுவிட்ட அதே கை, மாலையில் பேரனின் காய், யாரும் வெட்ட முடியாத மலைக்கு ஒரு கட்டம் முன்னால் நிற்கும்போது, கட்டையைத் தேய்த்து மூன்றைப் போட்டு வெட்டுகிறது. "வெட்டிட்டேன்டா ராஜா, வெளியில போய் உக்காரு" என்று சொல்லும் குரலில் இரக்கத்தின் சாயலே இல்லை. ஒரு காயையாவது வெட்டாமல் பழம் ஏற முடியாது என்பது அவர் வீட்டு விதி. அந்த விதிக்குப் பாசம் விலக்கல்ல. தோற்றால் குழந்தைகள் அழுவார்கள் என்று குழந்தை வளர்ப்பு நூல்கள் எச்சரிக்கின்றன. பெரியவர்கள் அழுவதில்லை. "மணி என்னாச்சு பாரு, சாப்பிட வேணாமா?" என்று எழுந்து, எழும்போது கால் பட்டுக் காய்கள் கலைந்துவிடும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

மார்கழியில் வரும் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபதம் ஆடுவது பழைய வழக்கம். குழந்தைகள் ஒன்பது மணிக்கே பாயில் சரிந்துவிடுவார்கள். அதன் பிறகும் ஆட்டம் நடக்கிறது. நள்ளிரவில், வைகுண்டத்துக்கு நாலு கட்டம் இருக்கையில் பாம்பு கடித்துக் கீழே வந்த மாமா, மறுநாள் காலையும் யாருடனும் சரியாகப் பேசுவதில்லை. நம் கருத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

புறத்துக்கு வருவோம். வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வந்து சேர்ந்திருக்கும் காலம் இது. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா என்று மரங்கள் வெள்ளையாகிக் கிடக்கும். தலைவன் இதற்கென்றே தொலைநோக்கி வாங்கியிருக்கிறார். கரையில் ஏறியது முதல் அது அவர் கண்ணை விட்டு இறங்கவில்லை. "அதோ பாரு, அந்த மரத்துல, மூணாவது கிளை, ரெண்டாவது கூடு" என்று குழந்தைக்குக் காட்டுகிறார். குழந்தைக்குத் தெரிவது வெள்ளை வெள்ளையாக ஏதோ. வெகு நேரம் பொறுத்துப் பார்த்த குழந்தை, "அப்பா, இத்தனை பறவையும் ஏரியிலேயே ஆய் போனா தண்ணி என்னப்பா ஆகும்?" என்று கேட்டது. தலைவி முகம் சுளித்தார். தலைவன், "இதெல்லாம் கேக்கக் கூடாது" என்றார்.

அன்று அந்தக் கரையில் கேட்கப்பட்ட ஒரே அறிவியல் கேள்வி அதுதான். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. அதனால்தான் அவ்வூர் மக்கள் அந்தப் பறவைகளைத் தலைமுறைகளாகக் காத்துவருகிறார்கள். வேட்டையாடியவர்களுக்கு எதிராக முறையிட்டு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய அதிகாரிகளிடம் பாதுகாப்பு உரிமை பெற்றார்கள். தீபாவளிக்கும் அங்கே வெடி வெடிப்பதில்லை. சரணாலயத்தின் வரலாறு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது, தொலைநோக்கிக்குள் இல்லை.

கடற்கரை பற்றிச் சுருக்கமாக. மெரினாவில் மணல் வீடு கட்டச் சென்ற குடும்பங்களில் பள்ளம் தோண்டுவது மாமாவின் வேலையாகிவிடுகிறது. அலை வந்து அழிக்கும்போது கோபம் கொள்பவரும் அவரே. குழந்தைக்கு அலை வந்ததில்தான் சந்தோஷம். தீவுத்திடல் பொருட்காட்சியிலோ ராட்சத ராட்டினத்தில் கண்ணை மூடிக்கொள்பவர், சீட்டு வாங்கும்போது "பயப்படாதே, அப்பா இருக்கேன்" என்று சொன்னவர். முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளத்தை ஏந்தி நடக்கும் உரிமையை மட்டும் குழந்தைகள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிக்கும் இந்தப் பருவத்தில்தான் கூட்டிப் போவார்கள். அங்கே "உனக்கு என்ன வேணுமோ எடுத்துக்கோ" என்று அப்பா சொல்வதும், எடுத்ததைப் பார்த்து "இதுவா?" என்று கேட்பதும் ஒரே நிமிடத்தில் நடந்து முடிகின்றன.

ஆயின் குழந்தைக்கு இத்திணையில் இன்பமே இல்லையோ எனின், உண்டு. அது மிச்சத்தில் இருக்கிறது. அறிவை வளர்க்கும் என்று அப்பா வரவழைத்த விளையாட்டுச் சாமான் ஒரு மணி நேரத்தில் அலமாரிக்குப் போய்விட, அது வந்த அட்டைப்பெட்டி ஒரு வாரம் பேருந்தாக ஓடுகிறது. அதற்கு நடத்துநர் உண்டு, பயணச்சீட்டு உண்டு, பாட்டியும் ஒருமுறை ஏறி இறங்கியாக வேண்டும். பக்கத்து வீட்டு அத்தை கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல்வெளி வேண்டுமென்று தட்டில் கேழ்வரகு விதைத்து வைத்தால், குடிலைவிட அந்த முளையை எட்டிப் பார்க்கவே பிள்ளைகள் தினமும் போகிறார்கள். பெரியவர் எவரும் திட்டமிடாதது, படம் எடுக்காதது, "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதது எதுவோ அதில் குழந்தை முழுதாக அமர்ந்துவிடுகிறது. அட்டைப்பெட்டியை எந்த அப்பாவும் இதுவரை தம்முடையது என்று உரிமை கொண்டாடவில்லை. கொண்டாடினால் அதுவும் போய்விடும்.

போரடித்தலுக்கு உடனடி மருந்து ஒன்று உண்டு என்பதையும் பதிவு செய்ய வேண்டும். "போரடிக்குதும்மா" என்று வரும் குழந்தையிடம் "போரடிச்சா புஸ்தகத்த எடுத்துப் படி" என்று சொன்னால், அக்கணமே போர் தீர்ந்து குழந்தை காணாமல் போகிறது. கைப்பேசியும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதன் பிறகு அப்பாவுக்குக் கைப்பேசி கிடைக்காது என்பதால் வீடுகளில் அதை மருந்தாகக் கருதுவதில்லை.

எஞ்சியிருப்பது விடுமுறை வீட்டுப்பாடம். தெர்மாகோலில் சூரியக் குடும்பம் செய்துவர வேண்டும் என்பது முதல் நாளே டைரியில் எழுதப்பட்டிருக்கும். பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு ஒன்பதரைக்கு நினைவுக்கு வரும். அப்போது திறந்திருக்கும் ஒரே எழுதுபொருள் கடையைத் தேடி மாமா போகிறார். தலைவி வண்ணம் அடிக்கிறார். தலைவன் சனிக்கு வளையம் ஒட்டுகிறார். ஒட்டியதைத் தொட வந்த குழந்தையின் கையைத் தட்டிவிடுகிறார். குழந்தை அட்டைப்பெட்டிக்குள் தூங்கிவிடுகிறது. மறுநாள் ஆசிரியர் அதற்கு 'நன்று' என்று மட்டும் எழுதி அனுப்ப, 'மிக நன்று' எதிர்பார்த்திருந்த தலைவன் அன்று மாலை காபியைக்கூடச் சரியாகக் குடிப்பதில்லை.

அதே நாளில்தான் அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்களும் கொடுக்கப்படுகின்றன. அவை இவ்வாய்வின் எல்லைக்குள் வரா.