தில்லைப் பொன்னோட்டு எண்: 21,600இன் வகுத்திகளும் ஒன்பதின் குறையும்

சிதம்பரம் நடராசர் கோயிலில் சிற்றம்பலத்தின் கூரையிலுள்ள பொன்னோடுகள் 21,600 என்றும், அவற்றைப் பிணித்திருக்கும் ஆணிகள் 72,000 என்றும், முன்னது ஒரு நாளின் மூச்சுகளையும் பின்னது உடலின் நாடிகளையும் குறிக்கும் என்றும் மரபு கூறும். முதற்பராந்தக சோழன் இவ்வம்பலத்தைப் பொன் வேய்ந்ததைப் போற்றும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பொன்னோடு நின்றுவிட்டமையால், எண்ணைப் பற்றிய ஆய்வு கணிதத்தின் பொறுப்பாகிறது.

ஓடு ஒன்றுக்கு ஆணி எத்தனை என வகுத்தால் மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் வருகிறது. மூன்றில் ஒரு பங்கு ஆணியை எந்தக் கொல்லனும் அடித்துத் தர மாட்டான் என்பதால், 14,400 ஓடுகளுக்கு மும்மூன்றும் எஞ்சிய 7,200 ஓடுகளுக்கு நந்நான்குமாக அறையப்பட்டன என்று கொள்வதே கணக்குக்கு இயைவதாகும். 14,400இன் வர்க்கமூலம் 120 என்பதும், சோதிடர் மனிதனுக்கு வகுத்த முழு ஆயுள் அதே 120 ஆண்டு என்பதும் தற்செயல் என ஒதுக்கத்தக்கவை அல்ல. ஒதுக்கினால் இவ்வாய்வு இங்கேயே முடிந்துவிடும்.

21,600ஐப் பகாக் காரணிகளாக, அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்களாக, பிரித்தால் இரண்டு ஐந்து முறையும், மூன்று மூன்று முறையும், ஐந்து இரண்டு முறையும் வர, மீதியின்றி வகுக்கும் வகுத்திகள் 72 ஆகின்றன. ஆணிக் கணக்கின் தலைப்பில் நிற்பதும் அதே 72 என்பது நோக்கத்தக்கது. ஆயினும், தன்னினும் சிறிய எந்த எண்ணைவிடவும் மிகுதியான வகுத்திகளை உடைய எண்களை 1915இல் ஆராய்ந்து வெளியிட்ட இராமானுசனின் அளவுகோலில் இவ்வெண் தேறுவதில்லை. ஏனெனில் அதனினும் சிறிய 20,160க்கு 84 வகுத்திகள் உள்ளன. கும்பகோணத்தில் வளர்ந்தவரின் கணக்குச் சிதம்பரத்தை இவ்வாறு கைவிட்டது வருந்தத்தக்கதே.

வானியல் கைவிடவில்லை. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, விநாழிகைக்கு 6 மூச்சு என்னும் பழைய கணக்கில் ஒரு மூச்சு நான்கு விநாடியாகிறது. வட்டத்தை 21,600 கலைகளாகப் பகுத்த ஆரியபட்டர் ஒரு மூச்சில் பூமி ஒரு கலை சுழல்வதாகக் கொண்டார். நிலவுருண்டைப் பரப்பில் ஒரு கலையின் நீளமே ஏறத்தாழ ஒரு கடல் மைல் ஆதலால், நிலநடுக்கோட்டை ஒட்டி உலகைச் சுற்றிவரும் கடலூர் மாலுமி மைலுக்கு ஓர் ஓடாக எண்ணிக்கொண்டே போகலாம். இடையில் கண்டங்கள் குறுக்கிடுவது கணிதத்தின் பிழையன்று.

எஞ்சிய குறை ஒன்றே: 21,600 வர்க்க எண் அன்று. 147ஐ அதே எண்ணால் பெருக்கினால் 21,609 வருவதால், முழுமைக்கு ஒன்பது குறைகிறது. ஒன்பது சக்திகளைக் குறிப்பதாகச் சொல்லப்படும் பொற்கலசங்கள் அக்கூரையின் மேல் ஒன்பதே இருக்கின்றன. ஆகவே, கலசங்களை விட்டு ஓடுகளை மட்டும் எண்ணும் வழக்கம் இனியேனும் கைவிடப்பட வேண்டும்.