சீனித் துரைக்கு ஒரு வாழ்த்து மடல்

மாட்சிமை தங்கிய சீனித் துரை அவர்களே,

தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தால் மாலை போட்டு மடல் வாசிப்பது எங்கள் வழக்கம். எத்தனையோ துரைமார் வந்தார்கள், போனார்கள். மாற்றலாகிப் போகாதவர் நீங்கள் ஒருவர்தான். ஆகவே இந்தத் தீபாவளி மடல் உங்களுக்கு.

உங்களைப்போல் பிள்ளைகளைத் தேடி வருகிறவர் வேறு யார்? எல்லவிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கிப் புத்தலவுக்குப் போனால் பெல்வத்தையில் உங்களுக்கு ஓர் ஆலை. செவனகலையிலும் உங்களுக்கு இன்னோர் ஆலை உண்டு. ஊவாவின் மலையில் தேயிலை, அடிவாரத்தில் கரும்பு. இரண்டும் எங்கள் வீட்டுக் கோப்பையில் ஒன்றாகின்றன. தேயிலையில் இயற்கையாகவே புளோரைட் உண்டு. பல்லுக்கு உறுதி தரும் சத்து அது. உலகமே காசு கொடுத்து வாங்கும் அந்த இலை எங்கள் வாசலில் நிற்கிறது. நீங்களோ மூன்று கரண்டியாக இறங்கி, அது செய்யும் நன்மையைத் தோற்கடித்துவிடுகிறீர்கள்.

வெறும் வயிற்றோடு மலைக்கு ஏறும் தாய்க்கு முதல் துணையும் நீங்கள்தான். ரொட்டிக்குக் கறி இல்லாத காலையில் பசியைக் கொஞ்ச நேரம் தள்ளிவைப்பவர் நீங்கள். இதை மறுத்தால் என் கட்டை வேகாது. ஆனால் அந்த உதவிக்கான விலையை அந்தத் தாயிடம் கேட்காமல் அவள் பிள்ளையிடம் வாங்குகிறீர்களே, அதைத்தான் இங்கே பாட வந்தேன்.

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் கடையில் முதல் மரியாதை உங்களுக்கு. பிறகு மாதா மாதம் சம்பளத்தில் பிடிபடும் கடன் அந்த முற்பணம். அந்தக் காசில் பிஸ்கட் டின்னாக, சிவப்புச் சோடாவாக, லட்டாக, கேசரியாக எத்தனை வேஷத்தில் வருகிறீர்கள்! தீபாவளியன்று லயத்தில் ஒவ்வொரு காம்பராவுக்கும் பலகாரத் தட்டுப் போகும், பதில் தட்டு வரும். தட்டைச் சுமப்பவர்கள் பிள்ளைகள். மூடியிருக்கும் துணியை விலக்கிப் போகும் வழியில் ஒரு துண்டு, திரும்பும் வழியில் ஒரு துண்டு. சட்டைப்பையில் டொபி, வாயில் டொபி. காலை தொடங்கி வெடி ஓயும் இரவு வரை அந்த வாய்க்கு ஓய்வில்லை.

உங்கள் வேலைத்திறன் அங்கேதான் தெரிகிறது. பல்லில் படிந்த கிருமிகள் உங்களைத் தின்று சில நிமிடங்களில் அமிலம் கக்குகின்றன. வாயின் பி.எச். அளவு ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கியதும் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரம்போல வேண்டும். அதற்குள் அடுத்த டொபியை அனுப்பிவிடுகிறீர்கள்.

இந்தத் திறமைக்குச் சுவீடனிலேயே சான்றிதழ் இருக்கிறது. 1940களில் தொடங்கி விபெஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில், அங்கிருந்தவர்களின் சம்மதமே இல்லாமல் இனிப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதரை அப்படி நடத்தியது பெரிய பாவம். ஆனால் அந்த ஆய்வு காட்டியதை மறக்கவும் கூடாது: சாப்பாட்டோடு சீனி சேர்த்துக்கொண்டவர்களைவிட, சாப்பாட்டுக்கு இடையிடையே ஒட்டும் டொபி தின்றவர்களின் பற்களே மிக மோசமாக அழிந்தன. எவ்வளவு தின்றோம் என்பதைப்போலவே எத்தனை தடவை தின்றோம் என்பதும் கணக்கு. எங்கள் தட்டுச் சுமக்கும் பிள்ளைகள் தீபாவளியன்று தின்பது இடையிடையேதான்.

அரசாங்கமும் உங்களைக் கௌரவித்தது. 2016இல் இனிப்புப் பானப் போத்தல்களில் நிறக் குறி போட வைத்து, சீனி மிகுந்ததற்குச் சிவப்பு என்று சட்டம் செய்தது. 2017இல் பானத்தில் உள்ள சீனிக்குக் கிராம் கணக்கில் வரி போட்டது. எங்கள் பிள்ளைகளுக்குச் சோடாவும் சிவப்பு, குறியும் சிவப்பு. இரண்டும் அழகாகவே தெரிகின்றன. எங்கள் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களும் பை நிறைய டொபி கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். நீங்கள் அன்பின் கையிலேயே ஏறி வருவதால்தான் உங்களை வேண்டாமென்று சொல்ல எங்களுக்கு வாய் வருவதில்லை.

உங்கள் தம்பி கித்துள் கருப்பட்டியையும் வாழ்த்த வேண்டும். "கருப்பட்டிதானே, ஒன்னும் செய்யாது" என்ற நல்ல பெயரோடு உள்ளே வந்துவிடுகிறார். கிருமிக்கு அண்ணனும் தம்பியும் ஒன்றுதான்.

பண்டிகை முடிந்த பிறகும் நீங்கள் பிள்ளையை விட்டுப் போவதில்லை. நடுச்சாமத்தில் கன்னம் வீங்கி எழுந்து அழும்போது கூடவே இருக்கிறீர்கள். தாய் கராம்பை நசுக்கிப் பஞ்சில் வைத்துச் சூத்தைப் பல்லின் குழிக்குள் அழுத்துவாள். பிள்ளை அவள் கையைத் தள்ளும். விடிந்தால் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ பஸ் ஏற வேண்டும். அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். "விழப்போற பல்லுதானே" என்று பக்கத்துக் காம்பரா அக்கா ஆறுதல் சொல்வார். பால் கடைவாய்ப் பல் பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும் நின்று மெல்ல வேண்டிய பல். அதன் பின்னாலேயே ஆறு வயதில் முளைப்பது ஆயுள் முழுதும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல். அதிலும் உங்கள் கை படுகிறது. அந்தப் பிள்ளையின் அழுகை எனக்குப் பொறுக்கவில்லை, துரை.

உங்கள் சபையில் இடம் கிடைக்காத ஏழைகளையும் சொல்லிவிடுகிறேன். அவித்த கடலைக்குப் பளபளக்கும் தாள் இல்லை. கௌபிச் சுண்டலுக்கு விளம்பரம் இல்லை. தேங்காய்ச் சொட்டு, கொய்யா, வெலிமடைக் கரட், பிபிலைத் தோடம்பழம், சீனி போடாத எருமைத் தயிர் எல்லாம் கையாலாகாதவை: ஒரு பிள்ளையையாவது நடுச்சாமத்தில் எழுப்பி அழவைக்க அவற்றுக்குத் தெரியாது. மாரியம்மன் கோயில் பூசையில் மட்டும் சுண்டலுக்கு இலை கிடைக்கிறது. அன்றைக்குப் பிள்ளைகள் முண்டியடித்துக் கை நீட்டுவதைப் பார்த்தால், அதை விரும்பாத பிள்ளை எங்கள் தோட்டத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. வாங்கிக் கொடுக்காதது நாங்கள்தான்.

ஆகையால் துரை அவர்களே, இந்த வருஷம் ஏற்பாடு வேறு. லயத்துக்குள் போகிற தட்டில் கடலையும் உளுந்து வடையும் பழத் துண்டும் இருக்கும். முற்பணத்தில் சோடாவுக்கு ஒதுக்கிய காசு தோடம்பழத்துக்குப் போகும். உங்களுக்கும் இலை உண்டு: பகல் சாப்பாடு முடிந்த கையோடு ஒரே ஒரு தடவை, லட்டோ அதிரசமோ. தின்றதும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்போம். மிச்சம் டின்னுக்குள் போகும், டின் அம்மாவின் கைக்குப் போகும். இரவு புளோரைட் உள்ள பற்பசையில் பட்டாணி அளவு எடுத்துப் பல் விளக்கிவிட்ட பிறகு நீங்கள் எந்த வேஷத்தில் வந்தாலும் கதவு திறக்க மாட்டோம்.

இப்படிக்கு,
எல்லப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளின் பெரியவர்கள் சார்பில்.