காவலுக்கு வாத்து, வாத்துக்கு?

வாத்து வாங்கறப்ப மாமன் நெனப்பு வரலை, நாய் கடிச்சதும் வந்துடுச்சு. பரவாயில்ல மாப்ள, உக்காருங்க. ஈமு கோழி வளர்ப்புல ஊரே காசைப் போட்டு ஏமாந்த காலத்துல நீங்க எப்படித் தப்பிச்சீங்கன்னு நெனைக்கறீங்க? 2012-ல பெருந்துறைப் பக்கம் அந்த யாவாரம் கவுந்தப்ப நீங்க பள்ளிக்கோடம் போயிட்டு இருந்தீங்க, கையில காசில்ல, அவ்வளவுதான். இப்பக் காசும் இருக்குது, செல்லுல யூடியூப்பும் இருக்குது. கூஸ் வாத்து வாங்கி விட்டா பாம்பு அண்டாது, கள்ளன் வரமாட்டான், நாய்க்குச் சோறு வெக்கற செலவு மிச்சம்னு எவனோ சொன்னான். நீங்களும் வண்டியைக் கட்டிட்டுப் போயிட்டீங்க.

காவல் காக்கும்னு அவன் சொன்னதுல பொய்யில்லீங்க. ஸ்காட்லாந்துல டம்பார்ட்டன்னு ஒரு ஊரு. அங்க விஸ்கிக் கிடங்குக்கு 1959-ல இருந்து கூஸ் வாத்தைத்தான் காவலுக்கு விட்டிருந்தாங்க. 2012-லதான் கேமராவை நம்பி வாத்துக்கு ஓய்வு குடுத்தாங்க. ஆனா வாத்து கத்துனா ஏன்னு எட்டிப் பாக்க அங்க ஆள் இருந்தான். உங்க வாத்தும் ராத்திரி தொண்டை கிழியக் கத்தியிருக்குது. நீங்க ஏசியைப் போட்டு, கதவைச் சாத்தி, போர்வையை இழுத்து மூடியிருக்கீங்க. இதுல வேலையை ஒழுங்காப் பாத்தது யாருன்னு நான் சொல்லணுமா?

சரி, அந்தக் கடிபட்ட வாத்தைக் கீழ விடுங்க. மடியில வெச்சுத் தடவிக் குடுக்காதீங்க. உங்களுக்குப் பாசம், அதுக்குப் பயம். இப்பத்தான் ஒண்ணு புடிச்சு உலுக்கியிருக்குது, அடுத்து நீங்க புடிச்சிருக்கீங்க. பறவை காயத்துல சாகறதை விட அதிர்ச்சியில சாகறதுதான் வெரசா நடக்கும். ஒரு அட்டைப்பெட்டியில பழைய துணியை விரிச்சு, இருட்டா, கதகதப்பா, சந்தடி இல்லாத மூலையில வெச்சுடுங்க. பக்கத்து வீட்டுப் பசங்களைக் கூப்பிட்டுக் காட்டாதீங்க. வாயைப் பொளந்து தண்ணி ஊத்தற வேலையும் வேண்டாம், மூச்சுக்குழல்ல எறங்கிடும். கிண்ணத்துல வெச்சா, தெளிஞ்சதும் தானாக் குடிக்கும்.

சித்த நேரம் அடங்குனதும் வெளிச்சத்துல வெச்சு இறக்கையைத் தூக்கிப் பாருங்க. மேலாக்க ரெண்டு இறகு கலைஞ்ச மாதிரிதான் தெரியும். அடியில பஞ்சு இறகை விலக்குங்க. பாருங்க, எள்ளு அளவு ஓட்டை, இங்க ஒண்ணு, விரக்கடை தள்ளி இன்னொண்ணு. நாய்ப்பல்லு எறங்குன எடம். வெளிய எள்ளு, உள்ள கெணறு. ரத்தம் பெருசா வரலைன்னு சந்தோசப்படாதீங்க, அதுதான் சீப் புடிக்கும். சுத்தியும் இருக்கற இறகைக் கத்தரியில நறுக்குங்க, புடுங்க வேண்டாம். கொதிச்சு ஆறுன தண்ணி ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தூள் உப்பு ஒண்ணரை டீஸ்பூன். அதை ஊசி கழட்டுன சிரிஞ்சுல எடுத்து நல்லாப் பீச்சிக் கழுவுங்க. அப்புறம் போவிடோன் அயோடினை வெளுத்த டீ நிறத்துக்குத் தண்ணி கலந்து மேல விடுங்க. காயத்துல காத்துக் குமிழி வந்தாலோ, மூச்சு விடறப்ப அந்த எடம் ஏறி எறங்குனாலோ கழுவற வேலையே வேண்டாம். தண்ணி உள்ள போயிடும், நேரா டாக்டர்தான்.

உங்க அத்தை மண்ணெண்ணெய் எடுத்துட்டு வருவா, கொழுந்தியா சுண்ணாம்பு எடுத்துட்டு வருவா. ரெண்டு பேரையும் கும்புட்டு அனுப்பி வெச்சுடுங்க. குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சளைத் தேங்காண்ணெயில காச்சி மாட்டுப் புண்ணுக்குப் போடறது நல்ல வைத்தியந்தான். ஆனா நீர்ப்பறவை இறகுல எண்ணெய் ஊறுனா அது தண்ணியில மெதக்காது, நனைஞ்சு நடுங்கும். தலைவலி மாத்திரையைப் பொடி பண்ணிக் குடுக்கற யோசனையும் உங்களுக்கு வரும். வரும்னு எனக்குத் தெரியும். வேண்டாம்.

ஈ வந்தா புழு வெக்கும். கொசுவலையைப் போட்டு மூடுங்க. காயம் ஆறற வரைக்கும் குட்டையில எறக்காதீங்க. ஆனா தலை முங்கற ஆழத்துக்கு ஒரு வாளித் தண்ணி வெக்கணும், இல்லைன்னா கண்ணும் மூக்கும் அடைச்சுக்கும். மிச்சமிருக்கற சோடி வாத்தைக் கண்ணுல படற தூரத்துல கட்டி வைங்க. ஒண்ணை விட்டு ஒண்ணு தீனி எடுக்காது, அது உங்க வீட்டுச் சமாச்சாரம் மாதிரி இல்ல.

இறக்கை தொங்குச்சுன்னாலும், ராவுக்குள்ள எந்திரிக்கலைன்னாலும் 1962-க்குப் போன் போடுங்க, கால்நடை ஆம்புலன்சு. கோடிக்கணக்குல கோழி வளர்க்கற நாமக்கல்லுல குடியிருக்கோம். 1985-ல இருந்து கால்நடை மருத்துவக் கல்லூரியே இங்க நடக்குது. நீங்க என்னடான்னா கடிபட்ட வாத்தைத் தூக்கிக்கிட்டு என் திண்ணைக்கு வர்றீங்க.

அப்புறம் உங்க கையைக் காட்டுங்க. வெறிநோய் பாலூட்டிகளுக்கு வர்றது, வாத்துக்கு வெறி புடிச்சு உங்களைத் துரத்தாது. ஆனா அந்த இறகெல்லாம் நாய் எச்சில். கையில கீறல் இருந்தா சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டிட்டு அப்புறமா வீட்டுக்குப் போங்க.

வந்தது நாய்தானான்னு கேக்கறீங்களா? இறகு கல்யாண வீட்டுச் செருப்பு மாதிரி வாசல் பூராச் சிதறிக் கெடந்தா பெரும்பாலும் நாய்தான். பசிக்குக் கடிக்காது, ஆட்டத்துக்குக் கடிச்சுப் போட்டுட்டுப் போகும். தடயமே இல்லாம ஒண்ணு காணாமப் போனா காட்டுப்பூனையோ நரியோ. கழுத்தை மட்டும் பதம் பாத்துட்டு உடம்பை விட்டுட்டுப் போனா கீரி, மரநாய். எதுவா இருந்தாலும் நாளைக்கும் வரும். உங்க வீட்டுல விருந்து வெக்கறாங்கன்னு தெரிஞ்ச ஒறம்பரை ஒரு நாளோட நிக்குமா?

அதுக்காக வெசம் வெக்கறேன், கம்பியில கரண்டு விடறேன்னு கெளம்பீராதீங்க. கீரியும் நரியும் 1972-ம் வருசத்து வன உயிரினச் சட்டத்துல இருக்குது. கரண்டு கம்பி ஆள் பாத்து அடிக்காது, விடியால பால் கறக்கப் போறது உங்க சம்சாரந்தான். மேட்டூருக்கு அக்கட்டால கொளத்தூர்ப் பக்கம் 2024-ல ஆடு, கோழி புடிச்ச சிறுத்தையைச் சுட்டவங்களைக் கைது பண்ணுனாங்க. ஆடும் போச்சு, ஆளும் போயாச்சு.

நீங்க கட்டியிருக்கீங்களே கோழி வலை, அது கோழி வெளிய போகாம இருக்கத்தான். நாய் பல்லுல கிழிச்சுடும். அரை இஞ்சு ஓட்டை வெல்டு மெஷ் வாங்குங்க, கீரியும் நுழையாது. தரையோட நிறுத்தாம ஒரு அடி மண்ணுக்குள்ள எறக்குங்க. பாறையா இருந்தா ஒண்ணரை அடி வெளிப்பக்கமாத் தரையில விரிச்சு, மேல கல்லை அடுக்குங்க. நாய் வேலியோரத்துலதான் தோண்டும், தள்ளி நின்னு தோண்டற அறிவு அதுக்கில்ல. மேலயும் கூரை வேணும், மரநாய் ஏறி எறங்கும். கோழியாவது மரத்துல ஏறித் தப்பிக்கும். கூஸ் வாத்து தரையிலதான் படுக்கும், கொடாப்பைக் கவுத்து மூடலாம்னா அதுக்குள்ளயும் அடங்காது. கிளுவை வேலியை நம்பி விட்டுட்டீங்களே, அடியில பாத்தீங்களா? ஒரு ஆள் தவழ்ந்து போற சந்து இருக்குது. அது வழியா நீங்களே சின்ன வயசுல மாங்கா திருடப் போயிருக்கீங்க, மறந்துட்டீங்க.

தாழ்ப்பாளும் போடணும், பொழுதோட, தெனமும். சீரியல் முடிஞ்சு பாத்துக்கலாம்னா நாயும் சீரியல் பாத்துட்டு இருக்காது.

நாய் கடிச்சு அங்கயே செத்துப்போன இன்னொரு வாத்தைக் கொழம்பு வெக்கலாமான்னு பாக்கறீங்க, எனக்குத் தெரியும். வேண்டாம். குப்பையில வீசவும் வேண்டாம், வந்ததுக்கு அது வழிச்சோறு. ஆழமாக் குழி வெட்டிப் பொதைங்க. ஆனா அதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுத்து, கால்நடை டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க. தெருநாய் கடிச்சுச் செத்ததுக்கு 2025-ல அரசாங்கம் இழப்பீடு அறிவிச்சிருக்குது. மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 6,000, கோழிக்கு 200 ரூவா. கூஸ் வாத்தை எந்தக் கணக்குல எழுதுவாங்கன்னு நீங்களே ஆபீசுல கேட்டுக்கங்க. உசரமாத்தான் இருந்துச்சு, ஆடுன்னு மட்டும் எழுதிக் குடுத்துடாதீங்க.